டிராலியில் உனக்கு வைத்திருந்த இடம்

தம்பிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் மட்டும் மழை வருவதை முன்கூட்டிச் சொல்கிறது, மற்றபடி சோறு இறங்குகிறது. பதில் இத்தனை தாமதமானதற்குத் தபால்காரனைக் குறை சொல்லாதே. உன் கடிதம் வந்த அன்றைக்கே கிராணி ஐயா வாசித்துக் காட்டிவிட்டார். நீ கேட்டிருந்தது ஒரே ஒரு விஷயம். மதராசில் இஞ்சினியர் படிப்பு முடிந்துவிட்டது, ஆனால் இங்கே ரயில்வேயில் உனக்காக வைத்திருக்கிற வேலைக்கு வராமல் கல்கத்தாவுக்குப் போய் பௌதிக சாஸ்திரம் என்கிற மேல்படிப்பில் சேர ஆசையாக இருக்கிறது, அப்பா வா என்றால் அடுத்த கப்பலில் வந்துவிடுகிறேன், போ என்றால் போகிறேன், மனசில் எதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம்தான். சொன்னால் அது மொட்டையாக வந்து உன்னிடம் நிற்கும், நான் அதை எப்படிச் சொன்னேன் என்று உனக்குத் தெரியாமல் போய்விடும். அதனால் இருப்பதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் பதிலைச் சொல்கிறேன். பொறுமையாகப் படி.

எழுதுவது கிராணி ஐயாதான். நம் எதிர் வரிசை வீட்டு யாழ்ப்பாணத்து ஐயாவை மறந்திருக்க மாட்டாய். ரயில்வே ஆபீசில் கிராணியாக எழுதி எழுதியே கூன் விழுந்து பென்ஷன் வாங்கியவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறோம். “நீர் சொல்லச் சொல்ல எழுதுறன், ஆனால் அழுதீர் எண்டால் பேனையை மூடிப்போடுவன்” என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். நான் அழுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். சும்மா சொல்லிவைக்கிறார்.

உன் கடிதத்தை வாசித்த அன்று முனியாண்டியும் மற்ற டிராலி ஆட்களும் என்னோடு இருந்தார்கள். உன் கடிதம் வந்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று அவர்களாகவே வைத்துக்கொண்ட வழக்கம். நீ எந்தக் கப்பலில் வருகிறாய் என்று தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தார்கள். கிராணி ஐயா வாசித்து முடித்ததும் முனியாண்டிதான் கேட்டான், “படிச்சு முடிச்சவன் எதுக்கு மறுபடியும் படிக்கிறான்? பெயிலாயிட்டானா அண்ணே?” கிராணி ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “விசரா, பெயிலானவனை ஆர் கல்கத்தாவில கூப்பிடுவினம்?” என்று திட்டிவிட்டு, பௌதிகம் என்றால் என்னவென்று விளக்கினார். சூடு, வெளிச்சம், சத்தம் இதெல்லாம் ஏன் அப்படி இருக்கிறது என்று ஆராய்கிற படிப்பு என்றார். முனியாண்டி தலையை ஆட்டிவிட்டு, அதற்கு எந்த ஊரில் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேட்டான். கிராணி ஐயா கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டார். முனியாண்டிக்கு வருத்தம், தம்பி. நீ வருவதற்கென்று டிராலி இருக்கைக்குப் புது மெத்தை தைத்து வைத்திருந்தான். பச்சைத் துணி, ஓரத்தில் சிவப்புக் கரை. நீ வராவிட்டால் அந்த மெத்தையில் எது உட்காரப் போகிறது என்று அவன் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னேன், கிராணி ஐயா மறுத்துவிட்டார்.

டிராலி என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் நான் உன்னை இஞ்சினியராக்க ஏன் அப்படிப் பறந்தேன் என்பதற்கு அது ஒன்றுதான் காரணம், அதனால் சொல்கிறேன். நாலு சக்கரம், மேலே ஒரு பலகை, முன்னால் துரைக்கு ஒரு நாற்காலி, அதற்கு மேல் குடை. தண்டவாளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இஞ்சினியர் துரை அதில் உட்கார்ந்து போவார். பின்னாலிருந்து நாங்கள் தள்ளிக்கொண்டு தண்டவாளத்தின் மேலேயே வெறுங்காலில் ஓடவேண்டும். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரைக்கும் அப்படித்தான் என் காலம் ஓடியது. வெயில் ஏறிவிட்டால் தண்டவாளம் தோசைக்கல். இறக்கம் வந்தால் பின்பலகையில் தாவி ஏறிக்கொள்வோம், அப்போது காற்று வேட்டிக்குள் புகுந்து வரும், அந்தச் சுகத்துக்கு ஈடு கிடையாது. எத்தனையோ துரைகளைத் தள்ளியிருக்கிறேன். ஒருவர் முகமும் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. முதுகைக் காட்டினால் அடையாளம் சொல்வேன். இஞ்சினியர் என்றால் எனக்கு அந்த நாற்காலியில் உட்காருகிறவர். வேறு எதுவும் தெரியாது. என் மகன் அதில் உட்காரவேண்டும் என்று நினைத்தேன். பாலம் கட்டுவதும் கணக்குப் போடுவதும் என் நினைப்பில் வந்ததே இல்லை.

பத்து தீகா என்கிற இடத்து வளைவில் நடந்ததை உனக்கு நான் சொன்னதில்லை. உன் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, சொல்லாதே என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். வளைவு வந்தால் ஒருவன் சிவப்புக் கொடியோடு முன்னால் ஓடவேண்டும் என்பது விதி. அன்றைக்குத் துரைக்கு அவசரம், வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். பாதி வளைவில் ரயில் சத்தம் கேட்டது. கல் ஏற்றிய வண்டி, நேரம் காலம் இல்லாமல் வந்தது. நாங்கள் “துருன், துவான், துருன்” என்று மலாயில் கத்துகிறோம், இறங்குங்கள் துரை என்று. அவர் மடியில் வைத்து எதையோ எழுதிக்கொண்டிருக்கிறார், காற்றில் கேட்கவில்லை. அவர் இறங்கினால்தான் டிராலியைத் தூக்கி ஓரம் போட முடியும். கூலிக்காரன் துரை மேல் கைவைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். முனியாண்டி என் முகத்தைப் பார்த்தான், நான் அவன் முகத்தைப் பார்த்தேன். பிறகு நான் அவர் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். ஜல்லியில் மல்லாந்து விழுந்தார். மற்றவர்கள் டிராலியைத் தூக்கி எறிய, வண்டி போய்விட்டது. அவருடைய தொப்பி தண்டவாளத்தில் இரண்டாகக் கிடந்தது. அவர் எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். முனியாண்டி என் காதருகில், “அண்ணே, நாளைக்கே கப்பல்தான், பெட்டியக் கட்டு” என்றான். கிள்ளான் வரைக்கும் வெறுந்தலையோடு வந்தார்.

அதற்குப் பிறகு பல நாள் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு மத்தியானம், தள்ளிக்கொண்டிருக்கும்போது, தலையைத் திருப்பாமலேயே துரை கேட்டார், “அபா மாவு?” என்ன வேண்டும் என்று. யாரைக் கேட்கிறார் என்று எங்களுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. முனியாண்டி என்னை இடித்தான். எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சம்பளம் கூடக் கேட்டிருக்கலாம், மேஸ்திரி வேலை கேட்டிருக்கலாம். “அனாக் மாவு ஸ்கோலா, துவான்” என்றேன். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். அவர் ஒரு கையை லேசாகத் தூக்கினார், அவ்வளவுதான். அடுத்த மாதம் நீ இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாய். பிறகு நீ படித்ததும், உபகாரச் சம்பளம் வாங்கி மதராசுக்குப் போனதும் உன் கெட்டிக்காரத்தனம். நான் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அவர் உனக்காக வேலை வைத்திருப்பது எதனால் என்று உனக்குத் தெரியவேண்டும், அதற்காகச் சொன்னேன்.

இப்போது இங்கே இருக்கிற நிலைமை உனக்குத் தெரியாது. ஈயத்துக்கும் ரப்பருக்கும் விலை விழுந்துவிட்டது. வேலையில்லாதவர்களைக் கப்பல் கப்பலாக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். நம் வரிசையிலேயே பாதிக் கதவு பூட்டிக் கிடக்கிறது. சாயங்காலம் ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் தாளிக்கிற வாசனை வருமே, அது இப்போது இல்லை. என் முழங்கால் போய் என்னை வேலையிலிருந்து நிறுத்தியபோதே அறையைக் காலி செய்திருக்கவேண்டும். மகன் வந்துவிடுவான், அதுவரைக்கும் இருக்கட்டும் என்று துரைதான் விட்டுவைத்தார். அந்த அறையில் நான் பேசி, இன்னொருவர் பதில் சொல்லி வெகு நாளாகிறது. உன் அம்மா போன பிறகும் ஒரு வருஷம் இரண்டு தட்டு எடுத்துவைத்தேன். பிறகு நிறுத்திவிட்டேன். விடிந்ததும் முனியாண்டி ஆட்கள் டிராலியை எடுக்கிற சத்தம் கேட்கும். எழுந்துபோய் அது வளைவில் மறைகிறவரைக்கும் பார்ப்பேன். அதற்குப் பிறகு பொழுது போகவேண்டும். நீ வந்தால் அந்த அறையில் விளக்கு எரியும், காலில் பூட்ஸ் சத்தம் கேட்கும், என்ன சமைக்கட்டும் என்று கேட்க ஆள் இருக்கும் என்று நினைத்து நினைத்து நாளை ஓட்டியிருக்கிறேன். அதனால் உன் கடிதம் வந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. வா என்று எழுதுவதாகத்தான் முடிவு செய்தேன். கிராணி ஐயாகூட, “பெடியனைக் கூப்பிடும், இந்தக் காலத்தில வேலையைக் கையால தள்ளிவிடலாமோ” என்றார். இப்போது அதை எழுதக் கூச்சப்படுகிறார், எழுதத்தான் வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன்.

வா என்று உனக்கு எழுதுமுன் துரையைப் பார்த்து வேலையை உறுதி செய்துவிடலாம் என்று ஆபீசுக்குப் போனேன். அவரை எதிரே நின்று பார்த்தது அன்றைக்குத்தான். முகம் செம்மண் மாதிரி, கண் சாம்பல் நிறம். அவரும் கிழவராகிவிட்டார். நாங்கள் பேசுவது மலாயில்தானே, இரண்டு பேருக்கும் அரைகுறை. உனக்கு அஸிஸ்டெண்ட் வேலை என்றார். தனி வீடு, குன்றின் மேல் கிராணிகள் வீட்டுக்கும் அப்பால். உன்னை டிராலியில் அவரே கூட்டிக்கொண்டு போய்ப் பழக்குவார். பிறகு ஒன்று சொன்னார். நீ வந்த பிறகு கூலியாட்கள் குடியிருக்கிற லயத்துப் பக்கம் நான் போகக் கூடாதாம். முனியாண்டி ஆட்களோடு கள்ளுக்கடையில் உட்காரக் கூடாதாம். நேற்று எங்களோடு ஓடியவன் மகன்தானே என்று ஆட்கள் உனக்கு அடங்கமாட்டார்கள் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உன் நன்மைக்குத்தான் சொன்னார். நானும் “பாயிக், துவான்” என்றேன். சரி என்று ஒத்துக்கொண்டேன், தம்பி. இதை நன்றாகக் கேட்டுக்கொள். முனியாண்டியை விடமுடியாமல்தான் அப்பா இப்படிச் செய்தார் என்று பின்னால் ஒருநாள் நீ நினைக்கக் கூடாது. உனக்காக அவர்களையும் விட்டுவிடுகிறேன் என்றுதான் அங்கே நின்றேன்.

துரை பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு, எந்தக் கப்பல் என்று கேட்டார். வாயைத் திறந்தேன். அப்போதுதான் நீ லீவில் வந்திருந்தபோது நாம் நடந்துபோன அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, முனியாண்டியும் கூட வந்தான், பெட்டாலிங் தாண்டி நேர்கோடாகப் போகிற இடம். இஞ்சினியருக்குப் படிக்கிற பிள்ளை, தண்டவாளத்தைப் பார்த்து நாலு குறை சொல்லும் என்று நான் எதிர்பார்த்தேன். நீ தூரத்தில் தண்டவாளம் நனைந்து பளபளப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாய். வெயில் கொளுத்துகிறது. நான் நிழலுக்குக் கூப்பிட்டேன், நீ வரவில்லை. அந்தத் தண்ணீரை எங்களுக்குத் தெரியும், எத்தனை வருஷம் தள்ளியும் கிட்டே வராமல் முன்னால் ஓடிக்கொண்டேயிருக்கும். “அது தண்ணியில்லப்பா, வானம்” என்றாய். தரையோடு ஒட்டிய காற்று சூடேறினால் மேலேயிருந்து வருகிற வெளிச்சம் அதில் வளைந்து நம் கண்ணுக்கு வருகிறது, அதனால் வானம் கீழே தெரிகிறது என்று கையை வளைத்துக் காட்டினாய். “அப்ப இத்தன வருஷமா நாம வானத்துக்கா தள்ளுனோம்? தெரிஞ்சிருந்தா சம்பளம் கூடக் கேட்டிருக்கலாம்” என்றான் முனியாண்டி. நீ சிரித்தாய். பிறகு வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாய். ஒரு தண்டவாளம் முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில் எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்று காலேஜில் சொல்லித்தருகிறார்கள், வெயிலில் இரும்பு ஏன் நீளுகிறது என்று கேட்டால் அது இஞ்சினியர் வேலை இல்லை என்கிறார்கள் என்றாய். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற முகம், அப்படி ஒரு களையில் அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின அன்றைக்கும் இல்லை.

துரை முன்னால் நின்றபோது அந்த முகம்தான் வந்தது. இந்த நாற்காலியில் உட்கார்த்தினால் அது போய்விடும் என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதே. “அனாக் திடா டத்தாங், துவான்” என்றேன். மகன் வரவில்லை. இன்னும் படிக்கப் போகிறான் என்றேன். என்ன படிக்கப் போகிறான் என்று கேட்டார். பௌதிக சாஸ்திரத்துக்கு மலாயில் என்ன வார்த்தை என்று நான் கண்டேனா? கிராணி ஐயா சொன்னதை வைத்துச் சமாளித்தேன், “பானாஸ், தேராங், புன்யி” என்று. சூடு, வெளிச்சம், சத்தம். துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “கிலா” என்றார். பைத்தியம் என்று அர்த்தம். உன்னைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா, தெரியவில்லை. கோபமாகச் சொல்லவில்லை. மாதக் கடைசியில் அறையைக் காலி செய்துவிடவேண்டும் என்றார். சரி என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கே உறைத்தது.

ஆக, உனக்கு இங்கே வேலை இல்லை, தம்பி. உன்னைக் கேட்காமலேயே முடித்துவிட்டேன். நாளைக்கு மனசு மாறி, அப்பா தனியாக இருக்கிறாரே என்று கிளம்பி வந்துவிடாதே. வந்தால் உட்கார நாற்காலியும் இல்லை, படுக்க அறையும் இல்லை. நான் முனியாண்டி லயத்துக்குப் போகிறேன். அவன் அறையில் ஏற்கெனவே ஆள் அதிகம், ஒரு மூலை ஒதுக்கித் தருகிறேன் என்றான். நான் அவர்களுக்குச் சோறாக்குவதாகப் பேச்சு. “உன் கையால சாப்பிட்டுட்டு டிராலி தள்ள முடியுமா அண்ணே, கிள்ளான் போறதுக்குள்ள மயக்கம் வராதா” என்று இப்போதே ஆரம்பித்துவிட்டான். ஊருக்குப் போகலாமே என்று கேட்பாய். அங்கே என்னை அடையாளம் தெரிந்தவர்கள் யாரும் மிச்சமில்லை. உன் அம்மாவை எரித்த மண் இது. லயத்தில் ராத்திரி ஆள் இருக்கும், பேச்சு இருக்கும். பகலில்தான், அவர்கள் கிளம்பிப் போய்த் திரும்புகிறவரைக்கும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன்னிடம் பொய் சொல்லக் கூடாது என்று இதையும் எழுதச் சொன்னேன்.

புத்தி சொல்ல எனக்கு என்ன தெரியும். இருந்தாலும் அப்பனாயிற்றே. கல்கத்தாவில் குளிர் உண்டாம், கிராணி ஐயா சொல்கிறார், கம்பளி வாங்கிக்கொள். கோபத்தில் பட்டினி கிடக்கிற உன் அம்மா வழக்கம் உனக்கும் இருக்கிறது, அதை விடு. பெரியவர்கள் நீ கேட்டதற்கு அது உன் வேலை இல்லை என்றால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அப்புறம் வேறு ஆளிடம் கேள். நீ படிக்கிற இடத்தில் உனக்கு விளக்கேற்ற, கண்ணாடி துடைக்க, தண்ணீர் கொண்டுவர யாராவது ஒருவன் இருப்பான். அவனோடு பேசும்போது திரும்பி முகத்தைப் பார்த்துப் பேசு. பள்ளிக்கூடம் கொடுத்த துரை நல்ல மனுஷர்தான், ஆனால் அன்றைக்கு ஒருதடவை திரும்பிக் கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். படிப்பு முடிந்து எந்த ஊரில் யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லிவிடு. ஊரார் கேட்டால் நானும் அப்படித்தான் சொல்கிறேன். தோற்றுப்போனால் அதையும் எழுது. உன்னைப் பெயிலா என்று கேட்டவனை நான் சமாளித்துக்கொள்வேன்.

“அவன் கேட்ட சொல்லை இன்னும் எழுதேல்லைக் காணும்” என்று கிராணி ஐயா ஞாபகப்படுத்துகிறார். இத்தனை சொன்ன பிறகு அது எதற்கு என்று கேட்டேன். பிள்ளை கடிதத்தைப் பிரித்ததும் அதைத்தான் தேடுவான், எழுதத்தான் வேணும் என்கிறார். அவர் சொல்வது நியாயம்தான். போ, தம்பி. போய்ப் படி.

எனக்கு ஒன்றே ஒன்று செய். மதராசிலிருந்து நீ போட்ட கடிதமெல்லாம் சின்னச் சின்னதாக இருந்தது. நான் சுகம், நீங்கள் சுகமா, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மூன்று வரியில் முடிந்துவிடும். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது, மற்றவர் வாசிக்கவேண்டும், அவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று நினைத்து அப்படி எழுதினாய் போலிருக்கிறது. கிராணி ஐயா நின்றபடியே வாசித்து, மடித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். நான் வெறும் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இனிமேல் அப்படி எழுதாதே. அன்றைக்கு என்ன படித்தாய், வாத்தியார் என்ன சொன்னார், நீ என்ன கேட்டாய், அந்தச் சூட்டையும் வெளிச்சத்தையும் பற்றி என்ன கண்டுபிடித்தீர்கள் என்று எல்லாவற்றையும் எழுது. எனக்குப் புரியாது. கிராணி ஐயாவுக்கும் பாதிதான் புரியும், அதனால் நிறுத்தி நிறுத்தி வாசிப்பார், உட்கார்ந்துதான் வாசிக்கவேண்டியிருக்கும். நீளமாக எழுது.

உன் அப்பா